கீபோர்டா, குரலா, கைபேசியா? டிவி ஆப் கட்டுவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகள்

கைபேசிக்கு ஆப் எழுதிப் பழகிய ஒரு சிறு குழு அதையே டிவிக்கும் கொண்டுவர நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கைந்து பேர், பெரிய முதலீடு இல்லை. உள்ளே இருப்பவை பட்டிமன்றம், கச்சேரி, சமையல் என்று சில நூறு தமிழ் வீடியோக்கள். இவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த ஃப்ரேம்வொர்க்கில் எழுதலாம்?" என்பதுதான். ஃப்ரேம்வொர்க் என்றால் ஆப் எழுதத் தயாராகக் கிடைக்கும் அடித்தளம். அதைத் தேர்வது முக்கியமான கேள்விதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. தான் தேடியது ஓட ஆரம்பிப்பதற்குள் பார்ப்பவர் எத்தனை தடவை பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறது? டிவியில் மற்ற எல்லா முடிவுகளையும் இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் எளிது. தொடுதிரையில் எந்த மூலையும் விரலுக்கு ஒரே தூரம். ரிமோட்டில் அப்படி இல்லை. மேல், கீழ், இடது, வலது, நடுவில் ஓகே, பக்கத்தில் பேக் ஆகிய ஆறு மட்டுமே எந்த ரிமோட்டிலும் இருக்கும் என்று நம்பி வடிவமைக்கக் கூடியவை. திரையில் ஏதாவது ஒன்று மட்டும் எப்போதும் எடுப்பாகத் தெரியும். அதைத்தான் ஃபோகஸ் என்கிறோம். அது நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக நகர்ந்துதான் அடுத்ததற்குப் போக முடியும். ஆகவே ஒரு பட்டன் திரையில் எங்கே இருக்கிறது என்பதை விட, ஃபோகஸ் இருக்கும் இடத்திலிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறது என்பதே கணக்கு.

இந்த ஆறு பட்டன் போதாது என்று நினைத்தவர்கள் உண்டு. 2010-இல் கூகுள் டிவி முதன்முதலாக வந்தபோது லாஜிடெக்கின் ரெவ்யூ பெட்டியோடு முழு கீபோர்டு ஒன்றே வந்தது. சோனி கொடுத்த கையடக்க ரிமோட்டில் எழுத்துப் பட்டன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இரண்டும் நிலைக்கவில்லை. 2014-இல் ஆண்ட்ராய்டு டிவி என்று கூகுள் திரும்பி வந்தபோது அம்புக்குறி, ஓகே, மைக் என்று சுருங்கியிருந்தது. ஆப்பிளும் 2015-இல் கண்ணாடித் தொடுபரப்பு வைத்த ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, 2021-இல் அழுத்தக்கூடிய வட்டப் பட்டனுக்கு வந்து சேர்ந்தது. எல்ஜியின் மேஜிக் ரிமோட் மட்டும்தான் காற்றில் அசைத்துச் சுட்டும் முறையை விடாமல் வைத்திருக்கிறது. அதிலும் அம்புக்குறிகள் இருக்கின்றன. ஆக, அம்புக்குறியை நம்பிக் கட்டினால் எல்லா வீட்டிலும் ஓடும். சுட்டியை நம்பிக் கட்டினால் எல்ஜி வீட்டில் மட்டும்.

எந்தப் பெட்டியில் தொடங்குவது

இங்கே மூன்று வழிகள் உண்டு. ஆண்ட்ராய்டில் நேரடியாக எழுதலாம். சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் என்ற டிவி இயங்குதளங்கள் இரண்டையும் குறிவைத்து வெப் ஆப்பாக (டிவிக்குள் இருக்கும் பிரவுசரில் ஓடும் ஆப்பாக) எழுதலாம். அல்லது ரியாக்ட் நேட்டிவ் போன்ற ஒன்றில் எழுதி எல்லாப் பக்கமும் ஓட்டப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுப் பார்வையாளர்தான் முதல் இலக்கு என்றால் நான் ஆண்ட்ராய்டைச் சொல்வேன். இங்கே கடைகளில் விற்கும் ஷாவ்மி, டிசிஎல், சோனி டிவிகளில் பலவும் ஆண்ட்ராய்டு டிவியோ அதன் மேல் 2020-இல் அதே பழைய பெயரோடு வந்த கூகுள் டிவியோதான். ஏர்டெல் எக்ஸ்ட்ரீம், டாடா பிளே பிஞ்ச்+ பெட்டிகளும் அதே இனம். அமேசானின் ஃபயர் ஸ்டிக்குகள் இதுவரை ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டவையாக இருந்ததால் சின்னத் திருத்தங்களோடு அதே ஆப் அங்கேயும் ஓடும். ஆனால் 2025-இல் அமேசான் வேகா என்ற தன் சொந்த இயங்குதளத்தில் ஒரு ஸ்டிக்கை இறக்கியிருக்கிறது. அதில் ஆண்ட்ராய்டு ஆப்பை அப்படியே ஏற்ற முடியாது, ரியாக்ட் நேட்டிவில் எழுத வேண்டும். மூன்றாவது வழிக்கு இப்போது கூடியிருக்கும் எடை அதுதான்.

வெப் வழியின் கவர்ச்சி, ஒரே நிரலை வைத்து சாம்சங், எல்ஜி இரண்டையும் பிடிக்கலாம் என்பது. அதன் சங்கடம் டிவியின் வயது. கைபேசியை மூன்று வருடத்தில் மாற்றுகிற வீட்டில் டிவி எட்டு, பத்து வருடம் ஓடும். அதற்குள் இருக்கும் பிரவுசரும் பெரும்பாலும் வாங்கிய நாளிலேயே நின்றுவிடும். எல்ஜியின் வெப்ஓஎஸ் 3 வரிசையில் இருப்பது குரோமியம் என்ற பிரவுசர் அடித்தளத்தின் 38-ஆம் பதிப்பு, வெப்ஓஎஸ் 4-இல் 53. சாம்சங்கின் டைசன் 4-இல் 56. இன்றைய ஜாவாஸ்கிரிப்டை அப்படியே போட்டால் அங்கே வெள்ளைத்திரைதான். பேக் பட்டனுக்குக்கூட எல்ஜி 461 என்ற எண்ணை அனுப்பும், சாம்சங் 10009 என்று அனுப்பும். இவற்றை எல்லாம் சமாளித்தாலும் ஃபோகஸ் எங்கே போக வேண்டும் என்ற கணக்கை பிரவுசர் உங்களுக்காகச் செய்யாது. எல்ஜியின் ஈனாக்ட் போன்ற நூலகங்கள் (தயாராக எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்) அதைச் செய்கின்றன, அல்லது நீங்களே எழுத வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்த வேலையின் பெரும்பகுதி முன்பே முடிந்திருக்கிறது. அங்கும் பழைய லீன்பேக் நூலகத்தில் தொடங்காதீர்கள். அதை கூகுள் ஓரங்கட்டிவிட்டது. இப்போது வழி, திரைகளை வடிவமைக்க கூகுள் தரும் புதிய நூலகமான டிவிக்கான கம்போஸ்.

பார்வையாளர் சிங்கப்பூரிலோ கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிறார்கள் என்றால் என் தீர்ப்பு மாறும். அங்கே சாம்சங், எல்ஜி, ஆப்பிள் டிவி, வட அமெரிக்காவில் ரோக்கு என்று பிரிந்து கிடக்கிறது. ரோக்குவுக்கு பிரைட்ஸ்கிரிப்ட் என்று தனி மொழியே உண்டு. நான்கு பேர் கொண்ட குழு இதில் இரண்டைத் தாண்டினால் பராமரிப்பிலேயே மூழ்கிவிடும்.

எழுத்து அளவு: நெட்டில் கிடைக்கும் எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம்

ஆண்ட்ராய்டு டிவிக்கான வழிகாட்டுதல் குறைந்தபட்ச எழுத்தளவாக 12 எஸ்பி (எழுத்தளவுக்கு ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அலகு), வழக்கமான அளவாக 18 எஸ்பி என்கிறது. முழு எச்டி திரையில் அது 24 பிக்சல், 36 பிக்சல். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். அப்படியானால் 24 பிக்சல் எழுத்து 12 மில்லிமீட்டர் உயரம். மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் இருந்து பார்த்தால், 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்த கைபேசியில் 1.6 மில்லிமீட்டர் எழுத்தைப் பார்ப்பது போல. அதில் ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கலாம். ஞ, ண, ஐ, கொம்பு சுழித்த ணை எல்லாம் அந்த அளவில் அடைத்துப்போய் ஒரே கறையாகத் தெரியும். தமிழுக்கு 36 பிக்சலைக் குறைந்தபட்சமாகவும், தலைப்புகளுக்கு 44-ஐ ஒட்டியும் வையுங்கள். வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதை விட அதிக இடம் விடுங்கள். மேலே இகர, ஈகாரக் கொக்கியும் கீழே உகரச் சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்துருவை ஆப்போடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள். பழைய டிவியில் இருக்கும் தமிழ் எழுத்துரு எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், போதுமானது.

ஓரங்களில் இடம் விடுவது பற்றி ஒரு வரி. சில டிவிகள் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும். நான்கு பக்கமும் ஐந்து சதவீதம் விட்டுவிட்டால் கவலை இல்லை.

மெனு இடப்பக்கமா, மேலேயா

இதில் பெரிய நிறுவனங்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. நெட்ஃபிளிக்ஸ் பல வருடம் இடப்பக்க மெனுவை வைத்திருந்துவிட்டு 2025 மே மாதம் அறிவித்த புது வடிவத்தில் அதை மேலே தூக்கியது. மெனு ஒளிந்திருந்தால் மக்களுக்குத் தெரிவதில்லை, மேலே இருந்தால் கண்ணில் படும் என்பது அதன் பக்க நியாயம்.

தமிழ் ஆப்புக்கு நான் இடப்பக்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன், அதற்குக் காரணம் அழகு அல்ல, நீளம். "முகப்பு, தேடல், கச்சேரிகள், பட்டிமன்றங்கள், தொடர்ந்து பார்க்க, சேமித்தவை" என்று ஆறு சொற்களை 40 பிக்சலில் ஒரே வரியில் போட்டுப் பாருங்கள், நெருக்கடி தெரியும். சுருக்கினால் புரியாது. அதையே இடது ஓரத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டால் இடம் தாராளம். ஃபோகஸ் உள்ளே வரும்போது விரிந்து, வெளியே போனதும் சின்னங்களாகச் சுருங்கிக்கொள்ளலாம். சின்னங்களை மட்டும் நம்பாதீர்கள். பூதக்கண்ணாடி என்றால் தேடல் என்று எல்லோருக்கும் தெரியாது.

இடப்பக்க மெனுவின் பலவீனம், ஒரு வரிசையில் பதினான்காவது வீடியோவரை வலப்பக்கம் போனவர் மெனுவுக்கு வர பதினான்கு முறை இடது அம்பை அழுத்த வேண்டும் என்பது. மேல் மெனுவுக்கும் இதே வியாதிதான்: பத்து வரிசை கீழே போனவர் பத்து முறை மேலே ஏற வேண்டும். இரண்டுக்கும் மருந்து பேக் பட்டனில் இருக்கிறது. ஒரு முறை அழுத்தினால் வரிசையின் தொடக்கம், இன்னொரு முறை அழுத்தினால் மெனு, அதற்கும் மேல் ஒரு முறை அழுத்தினால் டிவியின் முகப்பு. இதைச் சரியாகச் செய்தவர்களுக்கு மெனு எந்தப் பக்கம் என்பது பாதிக்குப் பாதி முக்கியத்துவம் இழந்துவிடும்.

"நிச்சயமாக வெளியேற வேண்டுமா?" என்று கேட்கும் பெட்டியை நான் வைக்க மாட்டேன். டிவியில் ஆப்பை விட்டு வெளியேறுவதால் யாருக்கும் எதுவும் தொலைந்துபோவதில்லை. வீடியோவை விட்ட இடத்தை நினைவில் வைத்திருந்தால் போதும். திரையில் "பின்செல்" என்று தனியாகப் பட்டன் வரைவதும் வீண். அதுதான் ரிமோட்டிலேயே இருக்கிறதே.

தேடல்: இங்கேதான் ஆப் வெல்லும், அல்லது தோற்கும்

திரையில் கீபோர்டு, குரல், கைபேசி என்று மூன்று வழிகள். முதலாவதிலேயே பல வகை உண்டு. எண்ணிக்கையை வைத்தே ஒப்பிடுவோம்.

"மதுரை" என்று தேட வேண்டும். ஆங்கில எழுத்தில் வழக்கமாக எழுதுவது போல ஏழு எழுத்து. முதல் எழுத்தில் ஃபோகஸ் நிற்கிறது, ஓரத்தில் தாண்டி மறுபக்கம் வரும் வசதி இல்லை என்று கொள்வோம். கணினியில் இருக்கும் குவெர்ட்டி வரிசையைத் திரையில் போட்டால் 37 நகர்வு, 7 ஓகே, ஆக 44 அழுத்தல். எழுத்துகளை அகர வரிசையில், வரிக்கு ஆறாகக் கட்டம் போட்டால் 25 நகர்வு, 7 ஓகே, ஆக 32. ஆப்பிள் டிவியில் இருப்பது போல எல்லா எழுத்தையும் ஒரே நீள வரிசையில் வைத்தால் 72 நகர்வு, மொத்தம் 79. கடைசியில் சொன்னது விரலால் வழுக்கிப் போகக்கூடிய தொடுபரப்பு இருக்கும்போது மட்டும் தாங்கும். சாதாரண அம்புக்குறி ரிமோட்டுக்கு அதைப் பார்த்து நகலெடுப்பது கொடுமை.

குவெர்ட்டி பழக்கமானது ஆயிற்றே என்று வாதிடுவார்கள். பழக்கம் பத்து விரலுக்கு, அல்லது இரண்டு கட்டைவிரலுக்கு. ஒற்றை ஃபோகஸை நகர்த்திக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பழக்கத்தால் எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும்தான் உதவி. தூரம் தூரம்தான்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடும்போது அழுத்தலை விடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல். தகரத்துக்கு ஒருவர் ஒற்றை எழுத்துப் போடுவார், இன்னொருவர் கூடவே ஹெச் சேர்ப்பார். ழகரத்தை எல் என்று எழுதுகிறவரும் உண்டு, இசட்-ஹெச் என்று எழுதுகிறவரும் உண்டு. நெடிலுக்கு ஒருவர் இரட்டிப்பார், மற்றவர் கண்டுகொள்ள மாட்டார். சர்வர் பக்கம் இவற்றை எல்லாம் ஒன்றாகப் பாவிக்கும் ஏற்பாடு இல்லையென்றால், 32 அழுத்தலுக்குப் பிறகு "எதுவும் கிடைக்கவில்லை" என்று வரும். அந்த மனிதர் இரண்டாவது முறை தேட மாட்டார்.

அப்படியானால் தமிழ் எழுத்திலேயே கீபோர்டு? 247 எழுத்து என்று பயப்பட வேண்டாம். ஆனால் கைபேசியில் இருக்கும் தமிழ் கீபோர்டை அப்படியே கொண்டுவந்து போடவும் வேண்டாம். 1999-இல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 உயிரை இடக்கைக்கும் மெய்யை வலக்கைக்கும் பிரித்துக் கொடுத்த நல்ல ஏற்பாடு. அது இரண்டு கைக்காரருக்கு. டிவிக்கு நான் முன்வைப்பது வேறு: மெய்யை மட்டும் தட்டும் தேடல்.

பதினெட்டு மெய்களை அகரமேறிய வடிவில் வரிக்கு ஆறாக மூன்று வரிசை. அதற்குக் கீழே பன்னிரண்டு உயிர்கள் இரண்டு வரிசை. கடைசி வரிசையில் ஜ, ஷ, ஸ, ஹ, இடைவெளி, அழி. ஆறுக்கு ஆறு, மிச்சமில்லாமல் உட்காருகிறது. உயிர்மெய்க் குறிகளைத் தட்டவே வேண்டாம், புள்ளியும் வேண்டாம். ம, த, ர என்று தட்டினால் மதுரை வந்து நிற்கும். க-வில் தொடங்கி எண்ணினால் 12 நகர்வு, 3 ஓகே, மொத்தம் 15. ஆங்கிலக் கட்டத்தில் ஆனதில் பாதிக்கும் குறைவு. "இளையராஜா" என்றால் இ, ள, ய, ர, ஜ. முழுவதும் தட்டினாலும் 24 அழுத்தல்தான், ஆங்கில எழுத்து பதினொன்றையும் அதே அளவுக் கட்டத்தில் தட்டினால் 57. உண்மையில் மூன்றாவது எழுத்திலேயே, 12 அழுத்தலில், பெயர் பட்டியலில் தெரிய ஆரம்பித்திருக்கும்.

மதுரை, மாதிரி, மாதுரி மூன்றுக்கும் ஒரே மெய்தானே என்பது சரியான ஆட்சேபம். பத்தாயிரம் தலைப்பு இருக்கும் ஆப்பில் இது தலைவலி. சில நூறு தலைப்புகளில் நான்கைந்து பொருத்தம் வந்தால் திரையிலேயே தெரியும், ஒரு அம்பு கீழே அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். நிரலும் கடினமில்லை: ஒவ்வொரு தலைப்பிலிருந்தும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் நீக்கி ஒரு தனிக் குறியீடாகச் சேமித்துவைத்தால் போதும். தமிழ் யூனிகோடில் அவை தனித்தனிக் குறிகளாக இருப்பதால் ஒரு மாலை நேர வேலை. ஆங்கிலக் கட்டத்தையும் ஒரு பட்டன் தூரத்தில் வைத்துவிடுங்கள். தமிழ் பேசத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளைகள் வெளிநாட்டு வீடுகளில் நிறைய.

குரலுக்கு வருவோம். கூகுள் 2017-இல் தமிழுக்குக் குரல்வழி உள்ளீட்டைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு டிவியில் அதைப் பயன்படுத்தலாம். ஓரிரண்டு அழுத்தலில் வேலை முடிகிறது என்பதால் எண்ணிக்கையில் குரலை எதுவும் ஜெயிக்க முடியாது. எழுத்துக் கூட்டத் தயங்கும் பெரியவருக்கும் இன்னும் படிக்கப் பழகாத குழந்தைக்கும் இதுதான் ஒரே வழி. ஆனாலும் இதை மட்டும் நம்பி கீபோர்டை எடுத்துவிட முடியாது. இன்ஃப்ராரெட் மட்டும் உள்ள மலிவு ரிமோட்டில் மைக்கே கிடையாது. மின்விசிறி, குக்கர் விசில், பக்கத்து அறைப் பேச்சு எல்லாம் சேர்ந்து ஓடும் ஹாலில் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் தவறாகக் கேட்கப்படும். விருந்தாளிகள் இருக்கும்போது டிவியோடு சத்தமாகப் பேச நிறைய பேருக்குக் கூச்சம். அப்புறம், ரிமோட்டில் இருக்கும் மைக் பட்டன் உங்கள் ஆப்புக்குச் சொந்தமானது அல்ல. அதை அழுத்தினால் பல டிவிகளில் பொதுத் தேடல்தான் திறக்கும், பார்ப்பவர் உங்கள் ஆப்பை விட்டு வெளியே போய்விடுவார். தேடல் பக்கத்தில் உங்கள் சொந்த மைக் சின்னத்தை வைத்து, ஃபோகஸ் முதலில் அங்கே நிற்கும்படி செய்யுங்கள். மைக் இல்லாத பெட்டி என்று தெரிந்தால் சின்னத்தைக் காட்டவே வேண்டாம். சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும் பட்டனால் யாருக்கும் லாபமில்லை.

குரலில் கேட்டதை எழுத்தாகத் திரையில் காட்டுவதும் அவசியம். தவறாகக் கேட்டது என்று தெரிந்தால் திரும்பச் சொல்வார்கள். வெறும் "கிடைக்கவில்லை" என்றால் வீடியோவே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, கைபேசி. 2013-இல் குரோம்காஸ்ட் வந்ததிலிருந்து இது பழகிப்போன முறை: கைபேசியில் தேடி, டிவிக்கு அனுப்புவது. தட்டச்சுக்குக் கைபேசியை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் இரண்டு கருவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், கைபேசியிலும் உங்கள் ஆப் இருக்க வேண்டும், அது கைக்கெட்டும் தூரத்தில் சார்ஜோடு இருக்க வேண்டும். இளையவர்களுக்குக் கூடுதல் வசதியாகக் கொடுங்கள், பிரதான வழியாக வைக்காதீர்கள்.

என் வரிசை இதுதான்: குரல் முதலில், மெய்க் கட்டம் அதற்குப் பக்கத்திலேயே, கைபேசி பிற்பாடு நேரம் இருந்தால். இவற்றுக்கெல்லாம் முன்பு, தேடவே தேவையில்லாதபடி முகப்பைக் கட்டுங்கள். சில நூறு வீடியோவில் "தொடர்ந்து பார்க்க", "புதியவை", பிறகு வகைவாரியாக நான்கு வரிசை. டிவி முன்னால் உட்காருகிறவர் பெரும்பாலும் எதையும் குறிப்பாகத் தேடி வருவதில்லை.

உள்நுழைவு: யார் கையில் கைபேசி இருக்கிறது?

மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கேட்பதை ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நட்சத்திரக் குறி என்று நாற்பது படி நகர்ந்து, அதையும் ஹாலில் இருக்கும் எல்லோர் கண் முன்னால் தட்டச் சொல்வது அநியாயம்.

மிச்சம் இரண்டு. கைபேசி எண்ணைத் தட்டி ஓடிபி வாங்குவது நம்மூருக்குப் பழகியது. எண்களை மட்டும் மூன்றுக்கு நான்கு கட்டத்தில் போட்டால் ஒரு இலக்கத்திலிருந்து எந்த இலக்கத்துக்கும் நான்கு நகர்வுக்கு மேல் போகாது. ரிமோட்டிலேயே எண் பட்டன்கள் இருந்தால் அவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கேபிள் காலத்திலிருந்து சேனல் எண்ணை மனப்பாடமாக அழுத்திவந்த தலைமுறைக்கு அது சட்டென்று வரும்.

இன்னொன்று, டிவி ஒரு குறியீட்டைக் காட்டும், கைபேசியில் ஒரு முகவரிக்குப் போய் அதைத் தட்டினால் டிவி தானாகத் திறந்துகொள்ளும். 2019 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 8628 என்ற இணையத் தர ஆவணத்தில் தரப்படுத்தப்பட்ட முறை இது. பின்னணியில் டிவி சில வினாடிக்கு ஒரு முறை "அனுமதி வந்துவிட்டதா?" என்று சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கும். குறியீட்டில் தப்பித்தவறி ஏதாவது சொல் அமைந்துவிடக் கூடாது என்று உயிரெழுத்துகளை நீக்கிய இருபது ஆங்கில எழுத்துகளை அந்த ஆவணம் பரிந்துரைக்கிறது. ஆங்கிலக் கீபோர்டு இல்லாதவர்களை எண்ணி வெறும் இலக்கங்களையும் அனுமதிக்கிறது. தமிழ்ப் பார்வையாளருக்கு இலக்கங்களே மேல். கைபேசியில் தமிழ் கீபோர்டு திறந்திருந்தாலும் சிக்கல் வராது.

இரண்டில் எது என்பதைத் தீர்மானிக்க ஒரு வழக்கமான சூழ்நிலையைப் பாருங்கள். டிவி இருப்பது திருநெல்வேலியில் பெற்றோர் வீட்டில். சந்தா கட்டுவது சென்னையிலோ துபாயிலோ இருக்கும் மகள். ஓடிபி முறையில் அப்பா மகளுடைய எண்ணைத் தட்ட வேண்டும், மகளுக்கு ஓடிபி வரும், அவர் போனில் சொல்ல வேண்டும், அதற்குள் நேரம் முடியாமல் இருந்தால் அப்பா அதையும் தட்ட வேண்டும். குறியீட்டு முறையில் அப்பா திரையில் இருக்கும் இலக்கங்களைப் போனில் வாசித்தால் போதும், மீதியை மகள் பார்த்துக்கொள்வார். ரிமோட்டில் ஒரு பட்டன்கூட அழுத்த வேண்டியதில்லை.

இதே காரணத்துக்காகத்தான் கியூஆர் மட்டும் காட்டும் ஆப்கள் எனக்கு எரிச்சல் தருகின்றன. கியூஆர் சதுரத்தை யாரும் போனில் வாசித்துச் சொல்ல முடியாது. கியூஆரை வையுங்கள், ஆனால் அதன் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இலக்கங்களையும், தட்டுவதற்குச் சுலபமான குட்டி முகவரியையும் வையுங்கள். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. மோசடிக்காரர் தன் டிவியின் குறியீட்டை அனுப்பி, ஏமாந்தவரை விட்டே அனுமதி வாங்கிவிடலாம். ஆர்எஃப்சியே இதை எச்சரிக்கிறது. கைபேசித் திரையில் "உங்கள் கணக்கை ஒரு டிவியில் திறக்கப் போகிறீர்கள்" என்று தெளிவான தமிழில் கேளுங்கள், குறியீட்டின் ஆயுளைச் சில நிமிடங்களோடு முடியுங்கள்.

நான் குறியீட்டை முதலாகவும் எண்-ஓடிபியை அடுத்ததாகவும் வைப்பேன். இரண்டையும் விட முக்கியம், ஆப்பைத் திறந்தவுடன் கேட்காதிருப்பது. இரண்டு வீடியோ பார்க்க விட்டுவிட்டுக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள்.

சோதிக்க எதை வாங்குவது

கணினியில் எமுலேட்டரை (டிவி போல நடிக்கும் மென்பொருளை) ஓட்டி அம்புக்குறிகளைத் தட்டிப் பார்ப்பது நிரல் சரியா என்று அறிய உதவும், அனுபவம் சரியா என்று அறிய உதவாது. முகத்துக்கு அரை மீட்டரில் திரை, வேகமான செயலி, பத்து விரலும் தயார். எந்தக் குறையும் தெரியாது. உண்மையான டிவிகள் பலவற்றில் ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி ரேம்தான் இருக்கும். வரிசைக்கு வரிசை பெரிய படங்களை ஏற்றினால் அம்பை அழுத்திய பிறகு ஃபோகஸ் தாமதமாக நகரும். நகரவில்லை என்று பார்ப்பவர் இன்னொரு முறை அழுத்துவார், இரண்டும் சேர்ந்து தாண்டிப்போய் விழும். அசைவூட்டங்களில் கைவைக்க வேண்டியிருந்தால் தயங்காமல் வெட்டுங்கள். ஃபோகஸ் உடனே நகர்வதற்காக எதையும் தியாகம் செய்யலாம்.

பட்ஜெட்டில் இரண்டு கருவிக்குத்தான் இடம் என்றால் புது மாடல் பெரிய டிவியை வாங்காதீர்கள். கடையில் கிடைப்பதிலேயே ரேம் குறைந்த ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்று. வெப் பக்கமும் போகும் எண்ணம் இருந்தால், பயன்படுத்திய எல்ஜி அல்லது சாம்சங் டிவி ஒன்று, ஆறேழு வருடம் பழையது. பெட்டியை வாங்கும்போது ரிமோட்டில் மைக் இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.